ஆற்றங்கரை வீட்டைக் காணோம்

குணசீலன் முட்டை வாங்கும் அழகைப் பார்க்க வேண்டும். அட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் இலேசாகத் திருகிப் பார்ப்பார். அடியில் ஒட்டிக்கொண்டால் அது உடைந்த முட்டை. பெட்ரோல் போடும்போது மீட்டரில் வைத்த கண்ணை எடுக்கமாட்டார். வீட்டைப் பூட்டிக் காரில் ஏறித் தெருமுனை வரை போய், திரும்பி வந்து கதவுக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போன நாட்கள் ஏராளம். சிட்னியின் கிரவீனில் அவர் வீட்டுக்கு இரு பக்கமும் குடியிருப்பவர்கள் தங்கமான மனிதர்கள். அது அவருக்கும் தெரியும். "நல்லவங்கதான். ஆனா எதுக்கு இவ்வளவு நல்லா பேசறாங்க?" என்று கேட்பார்.

மனைவி சிவாஜினி யாழ்ப்பாணத்துக்காரி. பரமட்டாவில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியதில் அவளுக்குக் கோபம் வற்றிப்போய்க் கேலி மட்டும்தான் மிச்சம். தெரிந்தவர்கள் யாராவது சுகம் விசாரித்தால், "இவர் கனவிலயும் கதவைப் பூட்டிப்போட்டுத்தான் போறவர்" என்பாள்.

குணசீலன் மலேசியாக்காரர். கணக்கியல் படிக்கத்தான் சிட்னிக்கு வந்தார். படிப்போடு பகுதிநேரமாக ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார், அப்புறம் பாத்திரம் கழுவுவதோடு பகுதிநேரமாகப் படித்தார், கடைசியில் படிப்பு கழன்றுகொண்டது. இப்போது மெரிலேண்ட்ஸுக்கும் பரமட்டாவுக்கும் இடையே பேருந்து ஓட்டுகிறார். பயண அட்டையைத் தட்டாமல் நழுவுகிறவனைக் கண்ணாடியில் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவார். சந்தேகம் ஒரு கெட்ட குணம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். அது அவரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதற்கு அவரிடம் எப்போதும் ஒரு கதை தயாராக இருக்கும்.

இந்த வருடம் பிப்ரவரியில் அப்படி ஒரு புதுக் கதை கிடைத்தது. மலேசியாவிலிருந்து ஏதோ தெரியாத எண் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. பேருந்து ஓட்டும்போது கூப்பிட்டது, தூங்கும்போது கூப்பிட்டது. ஏமாற்றுக்காரர்கள் இப்போதெல்லாம் சொந்த நாட்டு எண்ணிலிருந்துதான் அழைக்கிறார்கள் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். ஒரே தட்டில் அந்த எண்ணை முடக்கிப் போட்டார். மறுநாள் பணிமனையில் தேநீர் குடித்தபடி, எடுத்துப் பேசியிருந்தால் நம் கதை என்ன ஆகியிருக்கும் என்று சக ஓட்டுநர்களுக்கு விரிவாக வகுப்பு எடுத்தார்.

அவர் பிறந்த இடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பகாங் மாநிலத்தின் உள்ளே, ரயில் பாதையும் ஆறும் ஒன்றையொன்று விடாமல் போகிற ஒரு பள்ளத்தாக்கில் பாசிர் தெராப் என்று ஒரு மலாய்க் கம்பம், அதாவது கிராமம். சூராவ் என்கிற ஒரு சின்னத் தொழுகைக்கூடம், ஒரு பள்ளிக்கூடம், ரயில் நின்றால் நின்றது என்கிற ஒரு நிறுத்தம், ரப்பர் மரங்கள், டுரியான் மரங்கள். வீடுகள் எல்லாம் மலாய்க்காரர்களுடையவை. தமிழ் வீடு ஒன்றே ஒன்று, அது குணசீலனின் அப்பாவுடையது. அப்பா ரயில் பாதை பழுதுபார்க்கும் கூட்டத்தில் வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் ரயில்வே குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். போக இடமில்லாமல் நின்றவரிடம், ஆற்றங்கரையில் என் நிலத்தில் ஓர் ஓரமாக வீட்டைக் கட்டிக்கொள் என்று சொன்னவர் கம்பத்துப் பெரியவர் பாக் ஹாஜி. நிலம் என்னுடையது, வீடு உன்னுடையது, அவ்வளவுதான் பேச்சு. கை குலுக்கிக்கொண்டார்கள். அது மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கிய நிலம். அப்பா பெயருக்கு எழுதித் தர நினைத்தாலும் முடியாது. அப்பா தூண்கள் நாட்டி, பலகை அடித்து, தகரக் கூரை போட்டு வீடு கட்டினார்.

அந்தக் கைகுலுக்கல்தான் குணசீலனின் வெகுகாலக் கவலை. அப்பாவும் இல்லை, பாக் ஹாஜியும் இல்லை. நிலம் இப்போது பாக் ஹாஜியின் மகன் ரோஸ்லானிடம். ரோஸ்லான் குணசீலனைவிட இளையவன், சின்ன வயதில் ஒன்றாக ஆற்றில் குதித்தவன். அதெல்லாம் இருக்கட்டும், ஆற்றில் ஒன்றாகக் குதித்ததை எந்த நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும்? வீட்டில் இருப்பதோ அக்கா வள்ளியம்மா ஒருத்திதான். புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை, வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. காலையில் இடியாப்பம் அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து ரயில் நிறுத்தத்தில் விற்கிறாள். கம்பத்து மலாய்க்காரர்கள் அதை புத்து மாயாம் என்று ஆசையாக வாங்கித் தின்கிறார்கள்.

அக்காவை சிட்னிக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பது குணசீலனின் பிடிவாதம். அதற்காகவே வீட்டுக்குப் பின்னால் இருந்த வளவில் தனியாக ஒரு சின்ன வீடு கட்டினார். ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, அடுப்பு வைக்க இடம். கட்டி முடித்து இரண்டு வருடமாகிறது. அங்கே இனி என்ன இருக்கிறது என்று தொலைபேசியில் அக்காவோடு சண்டை போடுவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. இளவட்டங்கள் எல்லாம் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். மேலே ஆற்றில் மணல் தோண்டுகிறார்கள், வருடா வருடம் வெள்ளம் வருகிறது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆமா, சாப்ட்டியா?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா படம் தெரியும்படி வாட்ஸ்அப்பில் அழைப்பது வழக்கம். முன்பெல்லாம் வாசலில் உட்கார்ந்து பேசுவாள். பின்னால் ஆறு தெரியும், எதிர்க்கரை தெரியும், சில நாள் ரோஸ்லானின் ஆடு ஒன்று வந்து எட்டிப் பார்க்கும். இந்த வருடம் அது மாறியது. மார்ச் முழுக்க அடுப்படியில் இருந்தே பேசினாள். ஏப்ரலிலும் அடுப்படிதான். ஒருநாள் குணசீலன் வாசலைக் காட்டச் சொன்னார். மழை என்றாள். அடுத்த வாரம் கேட்டார். வெயில் என்றாள். சந்தேகத்துக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? அவர் அக்காவின் முகத்தை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் தெரிந்த சன்னலை ஆராய ஆரம்பித்தார். அந்தச் சன்னலில் முன்பு வெயில் வேறு பக்கமிருந்து விழுந்ததாக அவருக்கு ஒரு நினைப்பு.

ஜூன் தொடக்கத்தில், ஓய்வுநாள் ஒன்றில், கைப்பேசியில் வானத்திலிருந்து எடுத்த படங்களைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தார். ஆற்றைப் பிடித்துக்கொண்டே போனார். ரயில் பாலம் வந்தது, சூராவின் பச்சைக் கூரை வந்தது. ஆற்றங்கரையில் அப்பாவின் தகரக் கூரை பளிச்சென்று ஒரு சதுரமாகத் தெரியும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இப்போது அங்கே ஒன்றுமில்லை. செம்மண் மட்டும் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். வீட்டைக் காணோம்.

சிவாஜினி வேலை முடிந்து வந்தபோது அவர் சமையலறை நாற்காலியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. அக்காவிடம் நேராகக் கேளுங்கள் என்றாள். அதுதான் கூடாது என்றார் குணசீலன். அக்கா யாருக்கோ பயந்து மறைக்கிறாள். அவளை யாரோ ஒரு மூலை அறையில் வைத்து, இதுதான் உன் அடுப்படி, இங்கிருந்தே பேசு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கேட்டால் அவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

"ஆர் அந்த அவர்கள்?" என்று கேட்டாள் சிவாஜினி.

"வேற யாரு? ரோஸ்லான்தான்."

மெரிலேண்ட்ஸில் மளிகைக்கடை வைத்திருக்கும் வாசுதேவனும் மலேசியாக்காரர். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கதையைக் கேட்டதும் தராசை விட்டுவிட்டு வந்தார். ஆற்றங்கரை என்றால் சும்மாவா, இப்போது எல்லாக் கம்பத்திலும் வெளியூர்க்காரர்களைத் தங்க வைக்கும் ஹோம்ஸ்டே கட்டுகிறார்கள், பலகை வீட்டைப் பிரித்து விற்றாலே பழைய மரத்துக்கு நல்ல கிராக்கி என்றார். அன்று மாலை குணசீலன் பேருந்தை இரண்டு நிறுத்தங்களில் நிறுத்தாமலே ஓட்டிப் போய்ப் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சரியாக அந்த வாரம்தான் அந்த அழைப்பு வந்தது. உள்ளூர் எண், ஒரு சின்னப் பெண்ணின் குரல், மலாய் மொழி. அங்கிள் சீலன்தானே, நான் ஹனிஸ், பாசிர் தெராப் ரோஸ்லானின் மகள் என்றாள். பிப்ரவரி கடைசியிலிருந்து இங்கே தாதிமைப் படிப்பு படிக்கிறாளாம். அப்பா பார்க்க வந்திருக்கிறாராம். உங்களைப் பார்க்காமல் ஊருக்குப் போகமாட்டேன் என்கிறாராம்.

 ஊரில் வீட்டைக் காணோம். வீட்டை எடுத்தவன் சிட்னிக்கு வந்து நிற்கிறான், அவன் மகள் சிட்னியில் படிக்கிறாள். படிக்கப் பணம் எங்கிருந்து வந்தது? எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப் போனது. இவ்வளவு அழகாகப் பொருந்துவது அவருக்கு ஒருவகையில் திருப்தியாகக்கூட இருந்தது. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார்.

சிவாஜினி மெரிலேண்ட்ஸ் ஹலால் கடையில் கோழி வாங்கி வந்து சமைத்தாள். திருடனுக்கு விருந்தா என்று குணசீலன் முணுமுணுத்தார். சாப்பிட்டு முடியும்வரை ஒரு வார்த்தை கேட்கப்படாது, வீட்டுக்கு வாற ஆக்கள் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பெண்டில் ஹில் ரயில் நிலையத்துக்குப் போய் அவர்தான் அழைத்து வந்தார். ரோஸ்லானுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குளிருக்கு மகளுடைய கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டிருந்தான். அபாங் என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்தவன் விடவில்லை. அபாங் என்றால் அண்ணன். ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறான் என்று குணசீலன் யோசித்தார். பெரிய பிஸ்கட் டின் ஒன்று கொண்டுவந்திருந்தான். ஏன் இவ்வளவு பெரிய டின்? அதைவிடப் பெரிய கேள்வி, ரோஸ்லான் இங்கே வருவதாக அக்கா ஏன் ஒரு சொல் சொல்லவில்லை?

சாப்பாட்டின்போது கம்பத்துப் பேச்சு வந்தது. குணசீலன் தூண்டில் போடுவதுபோல ஒவ்வொரு கேள்வியாகப் போட்டார். ரப்பர் எப்படி? பால் வெட்ட ஆளில்லை, பாதி மரம் சும்மா நிற்கிறது. பள்ளிக்கூடம்? அடுத்த வருடம் மூடினாலும் மூடுவார்கள். ஹோம்ஸ்டே ஏதாவது கட்டுகிறாயா? ரோஸ்லான் சிரித்தான். யார் வந்து தங்குவார்கள் அபாங், எங்கள் பிள்ளைகளே பெருநாளுக்கு வந்தால் இரண்டாம் நாள் கிளம்பிவிடுகிறார்கள் என்றான். ஆறு எப்படி என்று கேட்டதும் ரோஸ்லான் மகளைப் பார்த்தான், மகள் தட்டைப் பார்த்தாள். பிடித்துவிட்டேன் என்று குணசீலனின் மனது துள்ளியது.

கை கழுவியதும் ரோஸ்லான் பின்பக்கக் கண்ணாடிக் கதவருகே போய் நின்றான். வளவில் இருந்த சின்ன வீட்டைப் பார்த்தான். அது யாருக்கு என்று கேட்டான். அக்காவுக்கு என்றார் குணசீலன், குரலைக் கொஞ்சம் உயர்த்தியே. ரோஸ்லான் கதவைத் திறந்து குளிரில் இறங்கி நடந்துபோய் அந்த வீட்டைச் சுற்றி வந்தான். வானத்தைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான். இதற்கும் விலை போடுகிறானோ என்று குணசீலன் பின்னாலேயே போனார்.

"இந்த வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது, அபாங்?" என்று மலாயில் கேட்டான் ரோஸ்லான்.

தெற்கு என்றார் குணசீலன். கழிவுநீர்க் குழாய் போகும் வழிக்கு அப்படித்தான் வைக்க முடியும் என்று வீட்டைக் கட்டியவன் சொல்லிவிட்டானாம்.

ரோஸ்லான் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டான். "காக் வள்ளி, உங்கள் அக்கா, இதற்குள் கால் வைக்கமாட்டார். தெற்கு வாசலுக்காக எங்கள் எல்லாருடைய இடுப்பையும் ஒடித்தவர் அவர்."

சொன்னபிறகுதான் சொல்லக் கூடாததைச் சொன்னதுபோல வாயை மூடினான். அந்த நிமிடத்துக்காகத்தானே குணசீலன் கோழிக்கறியை மென்று விழுங்கிக் காத்திருந்தார். கைப்பேசியை எடுத்து, வரைபடத்தில் செம்மண் தெரிந்த இடத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எங்க அப்பா கட்டின வீடு எங்கே?"

ரோஸ்லான் படத்தைப் பார்த்தான். காக் வள்ளி இன்னமும் உங்களிடம் சொல்லவில்லையா என்று மெதுவாகக் கேட்டான். சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், இங்கே வரவே வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை என்றான். பிறகு உள்ளே வந்து மகளைக் கூப்பிட்டு, அதைக் காட்டு என்றான். நான் வாயால் சொன்னால்தானே சத்தியம் தவறும் என்றும் சேர்த்துக்கொண்டான்.

ஹனிஸ் எடுத்த காணொளி அது. இங்கே புறப்படுவதற்கு முந்தின வாரம் எடுத்திருக்கிறாள். படத்தில் அப்பாவின் வீடு ஆற்றங்கரையில் நின்றது. ஆனால் படியின் கீழே கரை இல்லை. ஜனவரி வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போய், முன் தூண் பாதி அந்தரத்தில் நின்றது. தகரக் கூரையைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள். வீட்டின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக மூங்கில்களைக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள். வீட்டையே தோளில் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைப்பது மலாய்க் கம்பங்களில் உண்டு. சின்ன வயதில் குணசீலனே ஒருமுறை பார்த்திருக்கிறார். அப்போது வாலிபர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு தூக்கினார்கள். இந்தப் படத்தில் முக்கால்வாசித் தலைகள் நரைத்திருந்தன. ஆள் போதாமல் பக்கத்துக் கம்பத்துக்குச் சொல்லி அனுப்பினோம், அப்படியும் போதவில்லை, மணல் தோண்டும் இடத்திலிருந்து வங்காளதேசத்துப் பையன்கள் வந்து தோள் கொடுத்தார்கள் என்றான் ரோஸ்லான்.

பாசிர் தெராப்பில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டின் நடுத்தூணை அந்த வீட்டு இரத்த உறவு ஒருவர் முதலில் தொட்டு, தூக்குங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அது என் தம்பி செய்ய வேண்டிய காரியம் என்று வள்ளியம்மா முதலில் ஒருநாள் சொல்லியிருக்கிறாள். ரோஸ்லான் அதைப் பிடித்துக்கொண்டான். அவளுடைய கைப்பேசியிலிருந்து எண்ணை எடுத்து அவளுக்குத் தெரியாமல் கூப்பிட்டான். வர முடியாவிட்டால் போகட்டும், கைப்பேசியைத் தூணோடு வைத்துப் பிடிக்கிறோம், அங்கிருந்தே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்பது அவன் யோசனை.

"அந்த வாரம் முழுக்கக் கூப்பிட்டேன், அபாங். நீங்கள் எடுக்கவில்லை. பிறகு அழைப்பு போகவே இல்லை. எண் மாற்றிவிட்டீர்கள் என்று நினைத்தேன். இங்கே வந்து ஹனிஸ் தன் எண்ணிலிருந்து கூப்பிட்டபோதுதான் கிடைத்தீர்கள்."

 குணசீலன் தன் கைப்பேசியில் முடக்கிய எண்களைத் திறந்தார். மலேசிய எண் ஒன்றே ஒன்று இருந்தது. ரோஸ்லானை அவன் எண்ணைச் சொல்லச் சொன்னார். அவன் பாதி சொல்லும்போதே போதும் என்று கையைக் காட்டினார். பணிமனையில் தான் நடத்திய வகுப்பு ஞாபகம் வந்து அவருக்குக் காது சுட்டது. வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதாக அவருக்கு நினைவில்லை.

படம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டின் நடுவில், தரைப் பலகைகளைக் கழற்றிய இடைவெளியில், கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஒரு மெலிந்த உருவம் நின்றது. குணசீலன் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனார். அக்கா நடுத்தூணை அணைத்து நின்றுகொண்டிருந்தாள். தூக்குங்கள் என்று அவள் மலாயில் கத்தியது கேட்டது. வீடு ஆடி, முனகி, மேலே எழும்பியது. தொட்டால் போதும், விடுங்கள் காக் வள்ளி என்று யாரோ சொல்கிறார்கள். அவள் விடவில்லை. தோளைத் தூணில் முட்டுக் கொடுத்தபடி, வீட்டோடு வீடாக, ஓரடி ஓரடியாக நடந்து வந்தாள். அவ்வளவு பேர் தூக்குகிற வீட்டில் அந்தத் தோள் ஒன்றும் தாங்கவில்லைதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் மொத்த வீடும் அவள் தோளில்தான் இருந்தது.

ரோஸ்லானின் வீட்டுக்குப் பக்கத்தில் மேட்டு நிலத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். எல்லாரும் அங்கங்கே விழுந்து கிடந்தார்கள். அப்போதுதான் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள். தெற்கு வாசல் என்றாள். எமன் வருகிற திசை, நான் ஏறமாட்டேன் என்றாள். யாரோ வைதார்கள், யாரோ சிரித்தார்கள். சூராவ் இமாம்தான் முதலில் எழுந்தவர். தினமும் அந்த வாசலில் விளக்கு வைக்கப்போவது அவரா நாமா, திருப்புங்கள் என்றார். மறுபடியும் தூக்கி வீட்டையே ஒரு திருப்புத் திருப்பி, கிழக்கே பார்த்து வைத்தார்கள்.

"அந்த மேட்டு நிலத்தை எதற்கு வைத்திருந்தாய்?" என்று கேட்டார் குணசீலன்.

ஹனிஸுக்கு வீடு கட்ட வைத்திருந்ததாக ரோஸ்லான் சொன்னான். படிப்பு முடிந்ததும் இவள் திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை என்றான். ஹனிஸ் மறுக்கவில்லை. இடம் கிடக்கிறது, கட்ட ஆளில்லை, காக் வள்ளி இருந்தால் காலையில் அந்தப் பக்கம் புகையாவது தெரியும் என்றான்.

அக்கா ஏன் மறைத்தாள் என்று குணசீலன் கேட்க வேண்டியிருக்கவில்லை. கரை போய்விட்டது என்று தெரிந்த மறுநாளே அவர் விமானச் சீட்டோடு போய் நின்றிருப்பார். ஆறு இன்னும் நெருங்கினால் என்ன செய்வது என்றுதான் கேட்டார். மறுபடியும் தூக்க வேண்டியதுதான், ஆனால் அடுத்தமுறைக்கு ஆள் இருக்குமா என்று எனக்குத் தெரியாது என்றான் ரோஸ்லான்.

ரயிலில் போகிறோம் என்றவர்களை விடாமல் அவர்தான் காரில் கொண்டுபோய்விட்டார். ஹனிஸ் இருந்த இடம் வேறு நாலு பிள்ளைகளோடு பங்கு போட்ட ஒரு வீடு. அவளுடைய அறைக்கதவுக்குப் பூட்டே இல்லை என்பதை குணசீலன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.  வீட்டுக்கு வந்து, பின் வளவு வீட்டின் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சிவாஜினியிடம் ஒரு விஷயம் கேட்டார்.

"இதைத்தானே நான் முதலே கேட்கவேணும் எண்டு இருந்தனான்" என்றாள் அவள்.

மறுநாள் காலை வழக்கம்போல அக்கா அழைத்தாள். பின்னால் அடுப்படி. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. என்னா தம்பி, சாப்ட்டியா என்று ஆரம்பித்தாள்.

"தோளு இன்னும் வலிக்குதாக்கா?"

அடுப்பைத் தள்ளிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. 

"சொல்லிட்டானா?"

"சொல்லல. காட்டினான்."

"இப்ப எதுக்கு இவ்வளவு அன்பா விசாரிக்கிற? கூட்டிட்டுப் போகத்தானே?"

அவளும் அதே அப்பா பெற்ற பிள்ளைதான். குணசீலன் இல்லை என்றார். இல்லை என்ற சொல்லை அவள் அரிசியில் கல் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்படியென்றால் அந்தப் பின்னால் கட்டிய வீட்டை வேறு யாருக்காவது கொடு, கொடுத்த பிறகு நம்புகிறேன் என்றாள்.

"குடுத்துட்டேன். ராத்திரியே பேசிட்டேன். ஹனிஸ் வர்றா, அடுத்த வாரம்."

 அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டாள். பிறகு, அந்த வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டாள். தெற்கு என்றதும், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே என்றாள். அவளுக்கு அதெல்லாம் கிடையாது, கதவுக்குப் பூட்டு இருந்தால் போதுமாம் என்றார் குணசீலன். பூட்டு இரண்டு போட்டிருப்பதாகவும் சொன்னார்.

"அடுத்த தடவ தூக்குறப்போ கூப்பிடச் சொல்லுக்கா. நான் எடுக்கிறேன். முடிஞ்சா வந்தே நிக்கிறேன்."

அக்கா எழுந்தாள். படம் ஆடியது, அடுப்படி போனது, நடுத்தூண் வந்தது, அதில் விரல்படும் உயரத்தில் பூசியிருந்த மஞ்சள் வந்தது. அதையும் தாண்டி நடந்து, மாதக்கணக்காகக் காட்டாத வாசலில் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தாள். வெயில் நேராக முகத்தில் அடித்ததில் முதலில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.